அரசு ஆபீஸ் மொட்டைமாடிக்கு சோலார் எப்படி ஏறுது, ஏறினப்புறம் என்ன ஆகுது?

கேள்வி (ஒரு வாசகர்), பிப்ரவரி 3

பேனல் விலை தரைமட்டத்துக்கு வந்தாச்சு. அரசு கட்டடங்கள்ல மொட்டைமாடி பூரா சும்மா வெயில்ல காஞ்சுட்டு கிடக்கு. மாசாமாசம் கரண்ட் பில்லும் கட்டிட்டுதான் இருக்காங்க. அப்புறம் ஏன் ஒவ்வொரு துறையும் சோலார் போட இத்தனை வருஷம் இழுக்குது? மேல இருந்து ஒரே ஒரு உத்தரவு, எல்லாரும் போட்டுத்தான் ஆகணும்னு. முடிஞ்சது. மத்ததெல்லாம் சாக்குன்னுதான் நான் சொல்வேன். யாராச்சும் உள்ள இருந்து பார்த்தவங்க இருந்தா பதில் சொல்லுங்க.

பிப்ரவரி 3, இரவு

உள்ள இருந்து பார்த்தவன்தான். ஒரு அரசுத் துறையில மின் பிரிவுல எஸ்டிமேட் போடுற வேலை ரொம்ப காலம் பார்த்திருக்கேன், அதுல சோலார் ஃபைல்களும் நிறைய கை மாறிப் போயிருக்கு. விலைதான் தடைன்னு வெளிய எல்லாரும் நினைக்கிறாங்க, விலை குறைஞ்சப்புறமும் நகராத ஃபைல் எத்தனையோ நானே தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

ஒரு கட்டடத்தை எடுத்துக்குங்க. அதைக் கட்டி பராமரிக்கிறது ஒரு துறை. உள்ள உக்காந்து வேலை பார்க்கிறது இன்னொரு துறை. கரண்ட் பில் கட்டுறது சில சமயம் மூணாவதா ஒரு கணக்குப் பிரிவு. இப்ப சோலார் போட்டா யாருக்கு லாபம்? பில் கட்டுறவங்களுக்கு. யாருக்கு வேலை? கட்டடத்தைப் பராமரிக்கிறவங்களுக்கு. மாடி ஒழுகினா யாரை திட்டுவாங்க? அதே பராமரிப்பு இன்ஜினியரைத்தான். அவருக்கு ஒரு பைசா மிச்சமாகாத ஒரு விஷயத்துக்கு அவர் ஏன் கையெழுத்து போட்டு மாட்டிக்கணும்? அவர் சோம்பேறி இல்ல, நல்லா வேலை தெரிஞ்ச மனுஷன், அதனாலதான் யோசிக்கிறார்.

இன்னொண்ணு, கரண்ட் பில்ங்கிறது அன்றாடச் செலவு. அது வந்தா கட்டிடலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, போன வருஷத்தை விட கூட வந்தாலும் கட்டண உயர்வுன்னு ஒரு வரி எழுதினா போதும். சோலார் பிளாண்ட்ங்கிறது மூலதனச் செலவு. அதுக்கு தனி கணக்குத் தலைப்பு, தனி அனுமதி, போட்டிக்கு ஆஸ்பத்திரி கட்டடம், ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையில நிக்கும். 20 வருஷம் பில் கட்ட காசு இருக்கும், அதே காசுல நாலுல ஒரு பங்கை இந்த வருஷமே எடுத்து பிளாண்ட் போட வழி இருக்காது. பில் தலைப்புல மிச்சம் பிடிச்ச காசை மூலதனத் தலைப்புக்கு மாத்த முடியாது. மிச்சம் பிடிச்சா அடுத்த வருஷ ஒதுக்கீட்டுல அவ்வளவும் வெட்டிடுவாங்க, அதான் நடக்கும். அப்ப மிச்சம் பிடிக்க யார் துடிப்பாங்க?

பிப்ரவரி 4

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர் "அப்ப அரசுன்னாலே புதுசு எதையும் தொடாது"ன்னு முடிவு கட்டியிருக்கார். அது சுத்தமா தப்பு. சோலார் செல்லோட முதல் பெரிய வாடிக்கையாளரே அரசுதான்.

1954ல அமெரிக்காவுல பெல் ஆய்வகத்துல சிலிக்கான் செல் காமிச்சாங்க, சுமார் 6 சதவீதம் எஃபிஷியன்சி, அதாவது விழுற வெயில்ல அவ்வளவுதான் கரண்டா மாறும். பொம்மைக்கும் ரேடியோவுக்கும் தவிர எதுக்கும் வாங்க ஆள் இல்ல, அவ்வளவு விலை. 1958 மார்ச்ல அமெரிக்கா வான்கார்டு 1 செயற்கைக்கோளை விட்டுச்சு. ஒன்றரை கிலோ கூட இல்லாத ஒரு சின்ன உருண்டை. அந்த திட்டம் கடற்படை கையில. அவங்க சோலார் செல்லை நம்பல, சோதிச்சுப் பார்க்காத சரக்கு, கெமிக்கல் பேட்டரியே போதும்னு நின்னாங்க. ராணுவத்தோட சிக்னல் பிரிவுல இருந்த ஹான்ஸ் சீக்லர்ங்கிறவர்தான் விடாம வாதாடினார். கடைசியில ரெண்டையும் வச்சாங்க, ஒரு டிரான்ஸ்மிட்டர் பேட்டரியில, இன்னொண்ணு செல்லுல. பேட்டரியில ஓடினது ஜூன் மாசமே நின்னு போச்சு. செல்லுல ஓடினது 1964 வரைக்கும் சிக்னல் குடுத்துச்சு.

இதுல கவனிங்க, ஒரு அரசுத் துறை வேண்டாம்னுச்சு, இன்னொரு அரசுத் துறை வேணும்னுச்சு. "அரசு"ன்னு ஒரே ஆள் கிடையாது. நம்ம பேச்சுல அதைத்தான் அடிக்கடி மறந்துடுறோம்.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழிச்சு

அதே கதை தண்ணியிலயும் நடந்துச்சு. 1960கள்லயே ஜப்பான்ல கலங்கரை விளக்குக்கு இருநூத்திச் சொச்சம் வாட்ல சோலார் போட்டாங்க, அந்த காலத்துக்கு அது ரொம்பப் பெருசு. அமெரிக்க கடலோரக் காவல் படைக்கு கடல்ல மிதக்கிற வழிகாட்டி மிதவைகள் ஆயிரக்கணக்குல இருந்துச்சு, எல்லாத்துக்கும் சார்ஜ் ஏத்த முடியாத பேட்டரி. தீர்ந்துச்சுன்னா கப்பல் எடுத்துட்டுப் போய் மாத்தணும். பேட்டரி விலையை விட கப்பல் போற செலவும் ஆள் செலவும்தான் எங்கேயோ நிக்கும். லாய்ட் லோமர்ங்கிற அதிகாரி சோலாருக்கு மாறலாம்னு சொன்னப்போ அவர் மேலதிகாரி ஒத்துக்கல, அவரையும் தாண்டி மேல போய்தான் அனுமதி வாங்கினார். 1980கள்ல அந்தப் படை வரிசையா மாத்திக்கிட்டு வந்துச்சு.

அவர் கையில பலமா இருந்தது என்னன்னா, மிதவையும் அவங்களோடது, கப்பலும் அவங்களோடது, பேட்டரி வாங்குற காசும் அவங்களோடது. லாபமும் வேலையும் ஒரே வீட்டுல. நான் முதல் பதிவுல சொன்ன மூணு துறை சிக்கல் அங்க இல்லவே இல்ல. அதனால ஒருத்தர் பிடிவாதமா நின்னா போதுமானதா இருந்துச்சு.

பிப்ரவரி 6

"மேல இருந்து உத்தரவு போட்டா முடிஞ்சது"ங்கிற பாயின்ட்டுக்கு வரேன்.

உத்தரவு போட்டுப் பார்த்தாச்சு, பல தடவை. அமெரிக்காவுலயே 1978ல சட்டத்துலயே வச்சு அரசு கட்டடங்களுக்கு சோலார் செல் வாங்க ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, அரசு மொத்தமா வாங்கினா விலை குறையும்ங்கிற கணக்கு. 1999ல ஜனாதிபதி கிளின்டன் போட்ட ஆணையில 2000 முடியிறதுக்குள்ள 2,000 சோலார் அமைப்பு, 2010க்குள்ள 20,000ன்னு இலக்கு. 2005 எரிசக்திச் சட்டம் இன்னும் தெளிவா, அமெரிக்க மத்திய அரசு வாங்குற கரண்ட்ல 2013ல இருந்து 7.5 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும்னுச்சு, அதுலயும் சொந்த இடத்துலயே உற்பத்தி பண்ணி அங்கயே பயன்படுத்தினா கணக்குல ரெட்டிப்பா எடுத்துக்கலாம். அந்த ரெட்டிப்பு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதை எழுதினவர் கண்டிப்பா ஒரு ஆபீஸ்ல உக்காந்து ரிப்போர்ட் நிரப்பினவரா இருக்கணும். ஏன்னா வேற எங்கயோ தயாரான பசுமை கரண்டுக்கான சான்றிதழை காசுக்கு வாங்கி இலக்கை முடிச்சுடறதுதான் எளிசு, சொந்த மாடியில போடத்தான் தூண்டுதல் வேணும்.

உத்தரவு ஒரு எண்ணைக் குடுக்கும். அந்த எண் மேல இருந்து கீழ வரவர துண்டு துண்டா பிரிஞ்சு கடைசியில ஒரு இன்ஜினியர் மேசையில "உங்க பங்கு இவ்வளவு கிலோவாட்"னு விழும். எந்த மாடி, எந்தத் தலைப்புல காசு, யார் துடைக்கிறது, எதுவும் அதுல இருக்காது. அதை அவர்தான் தேடணும்.

ஐரோப்பிய யூனியன் 2024ல கொண்டு வந்த கட்டட நெறிமுறை கொஞ்சம் முதிர்ச்சியா இருக்குன்னு படுது. ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடங்கள்ல 2,000 சதுர மீட்டருக்கு மேல உள்ளதுல சோலார் போட 2027 கடைசி, 750க்கு மேல 2028, 250க்கு மேல 2030. பெரிய கட்டடம் முதல்ல, ஏன்னா அங்கதான் ஆளும் இருக்கும், சுமையும் இருக்கும். ஆனா அதுலயும் தொழில்நுட்ப ரீதியா, பொருளாதார ரீதியா முடிஞ்ச இடத்துலன்னு ஒரு வாசகம் இருக்கு. அந்த ஒரு வாசகத்துக்குள்ள எத்தனை கட்டடம் ஒளிஞ்சுக்கும்னு இனிமேதான் தெரியும்.

பிப்ரவரி 6, இரவு

வெள்ளை மாளிகை கதையை ஒருத்தர் எடுத்திருக்கார்: அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் மாடியில சோலார் போட்டார், அடுத்து வந்த ரீகன் கழட்டிட்டார், அதனால இதெல்லாம் அரசியல்வாதி விளம்பரம்னு. சேர்த்துக்க வேண்டிய விவரம் ரெண்டு இருக்கு. 1979 ஜூன்ல வச்ச அந்த 32 பேனலும் கரண்ட் தயாரிக்கிறது கிடையாது, தண்ணி சூடு பண்றது. 1986ல மாடி ரிப்பேர் வேலைக்காக இறக்கினாங்க, திருப்பி ஏத்தல. மாடி ரிப்பேர்னு சொன்னதும் சிலர் அதை சாக்கா நினைக்கிறாங்க, எனக்கு அது நல்லாவே தெரிஞ்ச காட்சி. ஒழுகுதுன்னு இறக்குவாங்க, யார் பொறுப்புல திருப்பி வைக்கணும்னு ஃபைல்ல ஒரு வரி இருக்காது, அது அப்படியே கோடவுன்ல தூங்கும். அந்தப் பேனல்களையும் பின்னால ஒரு காலேஜ்காரங்க கேட்டு வாங்கிட்டுப் போய் பயன்படுத்தினாங்க.

இன்னொரு விவரம், 2003 வாக்குல அதே வளாகத்துல ஒரு பராமரிப்புக் கட்டடத்து மேல தேசியப் பூங்காத் துறை சத்தமில்லாம சோலார் கரண்ட் பேனல் போட்டுச்சு. அந்த வளாகத்தைப் பராமரிக்கிறதே அவங்கதான். மறுபடியும் பாருங்க, வேலை யார்கிட்ட இருக்கோ அவங்களே முடிவு எடுத்தாங்க.

பிப்ரவரி 9

இப்ப முக்கியமான இடம். ரொம்ப எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

மூலதனக் காசு இல்லாததால நகராத ஃபைலை நகர்த்தினது எதுன்னு என்னைக் கேட்டா, யூனிட் கணக்குல வாங்குற ஒப்பந்தம்னு சொல்வேன். பிளாண்டை நீங்க வாங்காதீங்க. ஒரு கம்பெனி அவங்க காசுல உங்க இடத்துல போடட்டும், அவங்களே சொந்தக்காரர், அவங்களே பராமரிக்கட்டும், உற்பத்தியாகுற ஒவ்வொரு யூனிட்டுக்கும் நீங்க விலை குடுங்க. அந்தக் காசு எந்தத் தலைப்புல போகும்? கரண்ட் பில் தலைப்புல. ஏற்கனவே இருக்கிற தலைப்பு, ஏற்கனவே ஒதுக்கின காசு. மூலதன வரிசையில நிக்கவே வேண்டாம்.

நெல்லிஸ் விமானப்படைத் தளம் இதுக்கு நல்ல உதாரணம். நெவாடா பாலைவனம், 2007 டிசம்பர்ல 14 மெகாவாட், அந்த நேரத்துல வட அமெரிக்காவுலயே பெருசு. 140 ஏக்கர், அதுல ஒரு பகுதி மூடின குப்பைமேடு, வேற எதுவும் கட்ட முடியாத இடம். விமானப்படை முதல்ல ஒரு டாலர் கூட போடல. இடத்தைக் குத்தகைக்கு விட்டாங்க, 20 வருஷ ஒப்பந்தம், யூனிட் சுமார் 2.2 சென்ட்டுக்கு வாங்குறாங்க. இவ்வளவு குறைஞ்ச விலை எப்படின்னா, அந்தக் கரண்டோட பசுமைச் சான்றிதழை பிளாண்ட் கம்பெனி அந்த மாநில மின் நிறுவனத்துக்குத் தனியா வித்துடுச்சு, வரிச்சலுகையும் சேர்ந்துச்சு. அதாவது கரண்ட் தளத்துக்கு வருது, "இது எங்க பசுமை கரண்ட்"னு சொல்லிக்கிற உரிமை வேற ஒருத்தர்கிட்ட. இது நல்லதா கெட்டதான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். பில்லு குறையணும்ங்கிறதுதான் குறிக்கோள்னா நல்ல ஒப்பந்தம். மக்கள்கிட்ட "நாங்க சூரிய ஒளியில ஓடுறோம்"னு போர்டு வைக்கணும்னா அந்த போர்டு உண்மையில்ல. ஒப்பந்தம் போடும்போதே எது வேணும்னு முடிவு பண்ணிடணும், பின்னால ரெண்டையும் கேட்டா கிடைக்காது.

இதுல பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் ஒப்பந்த வருஷம். அமெரிக்காவுல ராணுவத்துக்கு 30 வருஷம் வரைக்கும் எரிசக்தி ஒப்பந்தம் போட சட்டத்துல இடம் இருக்கு. மத்த சாதாரணத் துறைகளுக்கு பொதுவா 10 வருஷம்தான். பேனல் 25 வருஷம் உழைக்கும், கம்பெனிக்காரன் போட்ட காசை 10 வருஷத்துல எடுக்கணும்னா யூனிட் விலை ஏறிடும், ஏறினா மின்வாரிய விலையை விட கூட ஆயிடும், அப்படி ஆயிட்டா ஃபைல் செத்துடும். ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே பேனல். ராணுவம் வேகமா போச்சு, பக்கத்து அலுவலகம் நின்ன இடத்துலயே நின்னுச்சு. காரணம் ஒரு சட்டப்பிரிவுல இருக்கிற ரெண்டு இலக்கம். பேனல் விலையைப் பத்தியே பேசுறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும்.

பிப்ரவரி 9, பின்குறிப்பு

மேல சொன்ன மாதிரி ஒப்பந்தம் எங்க துறையில முதல் தடவை வந்தப்போ ஆடிட்ல கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு: "அரசு மாடியை தனியாருக்கு 20 வருஷம் இலவசமா குடுத்திருக்கீங்க, வாடகை ஏன் வாங்கல?" வாடகை வாங்கினா அதை யூனிட் விலையில ஏத்துவான், நம்ம காசு நம்மகிட்டயே சுத்தி வரும்னு பதில் எழுதினோம். அந்தப் பதிலை ஏத்துக்க ரொம்ப நாள் ஆச்சு. கேள்வி நியாயமானது, அதனாலதான் பதிலும் எழுத்துல இருக்கணும். ஒரு தடவை ஆடிட் தாண்டின வாசகத்தை அடுத்த ஆபீஸ் அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

பிப்ரவரி 12

"சொந்தக் காசுலயே வாங்கி மானியமும் வாங்கிக்கிட்டா இன்னும் லாபம் தானே"ன்னு கேட்டவருக்கு.

லாபம்தான், பிளாண்ட் ஓடினா. சீனாவுல 2009ல தங்கச் சூரியன்னு ஒரு திட்டம் வந்துச்சு, கட்டடங்கள்லயும் தொழிற்சாலைகள்லயும் சோலார் போட்டா முதலீட்டுல சரிபாதியை அரசு முன்கூட்டியே குடுத்துடும். நிறுவின வாட்டுக்கு காசு. என்ன ஆகும்? வாட் ஏறுச்சு, யூனிட் அந்த அளவுக்கு வரல. மட்டமான சரக்கு, காசை வாங்கிட்டு வேலையை இழுக்கிறது, இப்படி புகார் பெருகிப் போய் 2013ல அதை நிறுத்திட்டு உற்பத்தியாகுற யூனிட்டுக்கு 0.42 யுவான் குடுக்கிற முறைக்கு மாறினாங்க. அதுக்கப்புறம் பிளாண்ட் ஓடுதான்னு போட்டவனே கவலைப்பட ஆரம்பிச்சான்.

கறவை மாட்டை எடை போட்டு வாங்குறவனுக்கும் பாலை அளந்து வாங்குறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பிப்ரவரி 15

நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். துறை பேரோ ஊரோ வேண்டாம்.

சொந்தக் காசுல வாங்கிப் போட்ட ஒரு பிளாண்ட், ஒரு நடுத்தர அளவு அலுவலகம். உற்பத்தி குறைவா இருக்குன்னு பார்க்கச் சொன்னாங்க. மாடிக்கு ஏறினா முதல்ல கண்ணுல பட்டது ஒரு புது தண்ணித் தொட்டி, பேனல் வரிசைக்குத் தெக்கால. காலையில பத்து மணிக்கு அதோட நிழல் ரெண்டு வரிசையோட ஒரு ஓரத்துல விழுந்துட்டு இருந்துச்சு. ஓரத்துலதானேன்னு நினைப்பீங்க, ஆனா ஒரு வரிசையில செல்லெல்லாம் தொடரா இணைச்சிருக்கு, ஒண்ணு இருட்டானா அந்த வரிசையோட கரண்ட்டே அடி வாங்கும், நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி கரண்ட்டை அனுப்புற பைபாஸ் டயோடு இருந்தாலும் அந்தப் பகுதி போனதுதான். தொட்டி வச்சது தண்ணிப் பிரிவு, அவங்களுக்கு மாடியில காலி இடம் தெரிஞ்சுச்சு, வச்சாங்க. யாரும் கேக்கல, கேக்கணும்னு எங்கயும் எழுதியும் வைக்கல.

பேனல் மேல விரலால கோடு போட்டா அடியில வேற நிறம் தெரியுது. துடைக்கலாம்னா மாடியில குழாயே இல்ல. டெண்டர்ல "மாதம் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும்"னு இருக்கு, தண்ணி எங்க இருந்து வரும்னு இல்ல. கீழ இருந்து வாளியில தூக்கிட்டு வரணும்.

அப்புறம் இன்வெர்ட்டர், பேனல் தர்ற டிசி கரண்ட்டை நாம பயன்படுத்துற ஏசியா மாத்துற பெட்டி. மாடிப்படி முடியிற இடத்துல சுவத்துல மாட்டியிருந்துச்சு, மூணுல ஒண்ணு சிவப்பு விளக்கு, திரையில இன்சுலேஷன் பிழைக் குறியீடு. டிசி கேபிள் கம்பிச்சட்டத்துல உராஞ்சு தோல் கிழிஞ்சிருந்துச்சு, மழைக்காலத்துல இருந்தே அது நின்னிருக்கணும். ஏன் யாருக்கும் தெரியல? தூரத்துல இருந்து கண்காணிக்கிற பெட்டியும் இருக்கு, அதுக்குள்ள ஒரு சிம் கார்டு. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணல. பிளாண்டுக்கு பெரிய தொகை அனுமதிச்ச ஆபீஸ்ல சிம் ரீசார்ஜுக்கு எந்தத் தலைப்புல செலவு எழுதுறதுன்னு யாருக்கும் தெரியல, அதனால அது அப்படியே நின்னு போச்சு.

அதைப் பார்த்தப்போ எனக்குக் கோபத்தை விட வருத்தம்தான் வந்துச்சு. அந்த ஆபீஸ் கண்காணிப்பாளர் அம்மா, ஓய்வு பெற சில மாசம் இருந்தவங்க, தன் நோட்டுல மாசாமாசம் மீட்டர் ரீடிங் எழுதி வச்சிருந்தாங்க. யாரும் சொல்லல, அவங்களா எழுதினது. எந்த மாசத்துல உற்பத்தி விழுந்துச்சுன்னு அந்த நோட்டை வச்சுதான் கண்டுபிடிச்சோம். சிம்மும் சர்வரும் செய்யாத வேலையை அந்த நோட்டு செஞ்சுச்சு.

பிப்ரவரி 16

"எங்க ஆபீஸ்ல சோலார் இருந்தும் கரண்ட் போனா இருட்டுதான், ஏமாத்திட்டாங்க"ன்னு ஒருத்தர். ஏமாத்தல சார். கிரிட்டோட, அதாவது மின்வாரிய லைனோட இணைஞ்ச இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் போனதும் தானா நிக்கணும், அது விதி. நிக்கலைன்னா உங்க மாடியில இருந்து லைனுக்குள்ள கரண்ட் போகும், கம்பத்துல ஏறி ரிப்பேர் பார்க்கிற மனுஷன் உயிர் போகும். பேட்டரியும் லைன்ல இருந்து பிரிச்சு விடுற அமைப்பும் வேணும்னா அது தனிச் செலவு, முன்கூட்டியே கேட்டிருக்கணும். ஆனா போடுறதுக்கு முன்ன இதை ஊழியர்கள்கிட்ட யாராவது ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கணும். சொல்லாததால "சோலார்னா வேஸ்ட்"னு ஒரு கட்டடமே நம்ப ஆரம்பிச்சுடும், அடுத்த விரிவாக்க ஃபைலுக்கு அவங்களே எதிரா நோட் போடுவாங்க.

பிப்ரவரி 18

கரண்ட் போறது பத்தின பேச்சு வந்ததால ஆஸ்பத்திரிகளைப் பத்தி. உலக சுகாதார நிறுவனம் 2023ல வெளியிட்ட அறிக்கையில, ஏழை நாடுகள்லயும் நடுத்தரத்துக்குக் கீழ உள்ள நாடுகள்லயும் கிட்டத்தட்ட 100 கோடி பேருக்கு மருத்துவம் பார்க்கிற இடங்கள்ல நம்பகமான கரண்ட் இல்ல, இல்லேன்னா கரண்டே இல்லன்னு இருக்கு. பிரசவம் டார்ச் வெளிச்சத்துலன்னு அர்த்தம். இங்க சோலாருக்கு பில் கணக்கு பார்க்கிறதே பொருத்தமில்ல. 2022க்கு அப்புறம் உக்ரைன்ல மின் நிலையங்கள் மேல குண்டு விழ ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரிகள் பேட்டரியோட சோலார் போட்டதும் அதே காரணம்தான்.

தடுப்பூசி ஃபிரிட்ஜ் இதுல நல்ல பாடம். 1980கள்லயே சோலார் ஃபிரிட்ஜ் வந்தாச்சு, பேனல், பேட்டரி, ஃபிரிட்ஜ். கொஞ்ச வருஷத்துல பேட்டரி செத்துடும். புது பேட்டரிக்கு ஒதுக்கீடு இருக்காது. பேனல் நல்லா இருக்கும், ஃபிரிட்ஜ் நல்லா இருக்கும், நடுவுல பேட்டரி இல்லாம மொத்தமும் கிடக்கும். அப்புறம் பேட்டரியையே எடுத்துட்டு நேரடியா பேனல்ல இருந்து கம்ப்ரஸர் ஓடி ஐஸ்ல குளிரைச் சேமிச்சு வைக்கிற மாதிரி பண்ணாங்க. ராத்திரிக்கு அந்த ஐஸ் தாங்கும். எந்தப் பொருளுக்கு மாற்று வாங்க அந்த ஆபீஸால முடியாதோ அந்தப் பொருளையே வடிவமைப்புல இருந்து தூக்கிட்டாங்க. இதை வடிவமைச்சவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை.

பிப்ரவரி 20

தரம் பத்தி கேட்டவருக்கு சுருக்கமா. இன்னைக்கு எந்த டெண்டர்லயும் "ஐஈசி 61215 சான்று வேணும்"னு ஒரு வரி இருக்கும், பேனல் வெயில் மழையைத் தாங்குமான்னு சோதிக்கிற சர்வதேசத் தரம் அது. அந்தச் சோதனைகளோட வேர் எங்க இருக்குன்னா, 1975ல இருந்து 1986 வரைக்கும் அமெரிக்க அரசு நாசாவோட ஜேபிஎல் ஆய்வகம் வழியா பேனல்களை தொகுதி தொகுதியா வாங்கினப்போ வச்ச நிபந்தனைகள்ல. சூடு, குளிர், ஈரப்பதம், ஆலங்கட்டின்னு ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனையை இறுக்கிக்கிட்டே போனாங்க, எது உடைஞ்சுதுன்னு கம்பெனிகளுக்கே சொன்னாங்க. வாங்குறவன் விவரமா கேட்டதால பொருள் தேறுச்சு. குறைஞ்ச விலைக்கு மட்டும் வாங்குறதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

பிப்ரவரி 23

உத்தரவு பத்தி 6ந்தேதி எழுதினதுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு. உத்தரவு மாடியைக் காட்டாது, காசைக் காட்டாது, சரி. ஆனா கீழ இருக்கிற ஒரு இளைய இன்ஜினியருக்கு அது குடை மாதிரி, இல்ல, உவமை வேண்டாம், நேராவே சொல்றேன்: "ஏன் இதைச் செஞ்சே?"ன்னு யாராவது கேட்டா காட்ட அவர் கையில ஒரு தாள் இருக்கும். அரசு வேலையில செய்யாம விட்டதுக்கு கேள்வி அபூர்வம், செஞ்சதுக்குத்தான் கேள்வி. அந்த ஒரு தாள் இல்லாம எத்தனை நல்ல எஸ்டிமேட் டிராயர்லயே இருந்திருக்கு. அதனால கேள்வி கேட்ட நண்பர் சொன்ன உத்தரவு தேவைதான். அது மட்டும் போதாதுங்கிறதுல நான் மாறல.

அப்புறம் சின்னதா ஆரம்பிக்கிறதோட அருமை. கொச்சி விமான நிலையம், கேரள அரசுக்குப் பெரிய பங்கு இருக்கிற கம்பெனி. 2013ல வருகை முனையத்து மாடியில 100 கிலோவாட். அது நல்லா ஓடுதுன்னு பார்த்துட்டு 1 மெகாவாட். 2015 ஆகஸ்ட்ல 12 மெகாவாட், 45 ஏக்கர்ல சுமார் 46,000 பேனல், பகல்ல மிச்சமாகுறதை கிரிட்டுக்கு குடுத்துட்டு ராத்திரி திருப்பி எடுத்துக்கிறாங்க. பேனல் கழுவுற தண்ணியில நடுவுல காய்கறி போட்டாங்க. முதல் 100 கிலோவாட்ல பில்லு, துடைக்கிறது, மின்வாரிய அனுமதி எல்லாத்தையும் அவங்க ஆளுங்களே கத்துக்கிட்டாங்க. பில் கட்டுறவனும் மாடிக்குச் சொந்தக்காரனும் பராமரிக்கிறவனும் ஒரே நிர்வாகம், முடிவும் அங்கயே. எங்க இது அமையுதோ அங்க சோலார் நிக்குது, என் அனுபவத்துல இதுக்கு விதிவிலக்கு ரொம்பக் குறைவு.

பிப்ரவரி 25

முதல் கேள்வி கேட்ட நண்பர் தனிச்செய்தியில சொல்லிட்டு, இங்கயே பதில் போடச் சொல்லியிருக்கார்: அவர் ஆபீஸ்லயே இப்ப ஃபைல் ஓடுதாம், மாடி வரைபடமும் போன வருஷ பில்லும் கையில இருக்காம், டெண்டர் வாசகம் எழுதப் போறாங்களாம், எதைச் சேர்க்கச் சொல்லலாம்னு.

முதல்ல பில்லை மாசவாரியா பார்க்காதீங்க, மணிவாரியா எடுங்க, மீட்டர்ல அந்தப் பதிவு இருக்கும், மின்வாரியத்துல கேட்டா குடுப்பாங்க. லீவு நாள்ல உங்க மாடி தயாரிக்கிறது எங்க போகும், அதுக்கு என்ன விலை கிடைக்கும்னு தெரிஞ்சாதான் எவ்வளவு கிலோவாட்னு முடிவு பண்ண முடியும். மாடி முழுக்க நிரப்பணும்னு அவசியமே இல்ல. யூனிட் கணக்குல ஒப்பந்தம் கிடைச்சா அதுக்கே போங்க. சொந்தமா வாங்கினா, வருஷத்துக்குக் குறைஞ்சபட்சம் இத்தனை யூனிட்னு உத்தரவாதம் வாங்கி, ஒப்பந்தக்காரருக்குக் குடுக்க வேண்டியதுல கொஞ்சம் பணத்தை அஞ்சு வருஷத்துக்கு பிடிச்சு வையுங்க. 10, 15 வருஷத்துல இன்வெர்ட்டர் மாத்த வேண்டி வரும், அதை இப்பவே கணக்குல எழுதிடுங்க, இல்லேன்னா அன்னைக்கு இருக்கிற அதிகாரிக்கு அது புதுச் செலவாத் தெரியும். மாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை பேனல் ஏறுறதுக்கு முன்னயே முடிங்க. மாடியில குழாய். சிம் ரீசார்ஜ் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. பேனலுக்குத் தெக்கால இத்தனை மீட்டருக்குள்ள யாரும் எதுவும் கட்டக்கூடாதுன்னு கட்டடத் துறைகிட்ட ஒரு கடிதம் வாங்கி ஃபைல்ல போடுங்க.

ஒப்படைப்புத் தாள்ல, பிளாண்டை ஏத்துக்கிறவர்னு பதவிப் பேரோட ஒரு ஆள் கையெழுத்து போடணும். துறை முத்திரை மட்டும் போதாது. அவர் மாறிப்போனா அடுத்து வர்றவர் பொறுப்பேற்கிற பட்டியல்ல சாவி, வண்டி, மேசை நாற்காலியோட இதுவும் இருக்கணும்.

வரைபடத்தை அனுப்புங்க, ஊழியர் விவரம் ஏதாச்சும் இருந்தா மறைச்சுட்டு. வடக்குத் திசை குறிச்சிருக்கான்னு பார்த்துக்குங்க. தொட்டி, லிஃப்ட் அறை உயரமும் சேர்த்து எழுதுங்க, டிசம்பர் மாச வெயிலுக்கு நிழல் எங்க விழும்னு போட்டுத் தரேன்.